துருவ மேகம்: விமானத்தில் எடுத்த கதிர்வீச்சுக் கணக்கு உதைக்குது, எங்கே தப்பு?

#1 தரவுத்தேனி

வணக்கம். ஒரு பயிற்சித் தரவு கையில இருக்கு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடற்பனிக்கு மேல 300 மீட்டர் தடிமனில் சீரான தாழ்மேகம். ஒரே விமானம் மேகத்துக்கு மேலே இரண்டு ஓட்டம் (சூரியனைப் பார்த்து ஒன்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி ஒன்று), கீழே இரண்டு ஓட்டம். கூரையில் ஒரு பைரானோமீட்டர் (சூரிய ஒளியை, அதாவது குற்றலையை அளப்பது), ஒரு பைர்ஜியோமீட்டர் (வெப்பக் கதிர்வீச்சை, அதாவது நெட்டலையை அளப்பது). வயிற்றிலும் அதே ஜோடி.

மேலே கிடைத்த நிகரப் பாயத்தில் (கீழ்நோக்கிப் பாயும் கதிர்வீச்சில் மேல்நோக்கிப் பாய்வதைக் கழித்தது) இருந்து கீழே கிடைத்ததைக் கழித்தால் மேகம் உறிஞ்சியது வரணும். நெட்டலையில் −63 வா/மீ² வருது, மேகம் குளிர்கிறது, சரி. குற்றலையில்தான் சிக்கல். முதுகைக் காட்டின ஓட்டத்தை வைத்தால் மேகம் 57 வா/மீ² உறிஞ்சுது. எதிர்த் திசை ஓட்டத்தை வைத்தால் −17. மேகமே சூரிய ஒளி தயாரிச்சு வெளியே விடுதுன்னு அர்த்தம்! சூரியனின் உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் விலகி நிற்கும் கோணம்) 60°. சாய்வுத் திருத்தம் போட்டாச்சு.

#2 குமிழ்துடைப்பான்

அந்த இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுங்க. 20 வருதா? அந்தத் தடிமனுள்ள மேகத்துக்கு எதிர்பார்க்கிறதும் ஏறக்குறைய அதுதான். தரவு நல்ல தரவுதான், உங்க கோணம்தான் கோணல்.

மேகத்துக்கு மேலே கீழ்நோக்கி வரும் குற்றலை 550 வா/மீ²ன்னு வைப்போம். அதில் சுமார் 495 நேரடிக் கதிர், மிச்சம் வானத்தில் சிதறியது. நேரடிக் கதிர் படும் தட்டு 1° சாய்ந்தால் பிழை எவ்வளவு? உச்சிக்கோணத்தின் டேன்ஜன்ட்டை 0.01745 ஆல் பெருக்கணும். 60°க்கு 3%, 75°க்கு 6.5%, 80° போனால் கிட்டத்தட்ட 10%. துருவத்தில் சூரியன் எப்பவும் தாழ்வாகத்தான் இருக்கும், அதனால சென்னையில் மத்தியானம் கண்டுக்கவே வேண்டாத சாய்வு அங்கே கணக்கையே கவிழ்த்துடும்.

உங்க இரண்டு ஓட்டமும் 20க்கு இந்தப் பக்கம் 37, அந்தப் பக்கம் 37 தள்ளி நிக்குது. 495 × 1.73 × கோணம் = 37. கோணம் சுமார் 2.5°. விமானம் மூக்கைத் தூக்கிப் பறந்தால் கூரைக் கருவி பின்பக்கம் சாயும். சூரியன் பின்னால் இருந்தால் கூடுதலாகக் காட்டும், முன்னால் இருந்தால் குறைவாக. உங்க கணக்கில் 57 வந்தது முதுகைக் காட்டின ஓட்டத்தில்தானே? மூக்குத் தூக்கல் திருத்தத்தில் குறி மாறியிருக்கான்னு பாருங்க. விமானத்தின் சாய்வைச் சொல்லும் வழிகாட்டும் கருவி மூக்கு மேலேன்னா பிளஸ் என்னும், உங்க நிரல் மைனஸ் என்று எடுத்தால் பிழை போவதற்குப் பதில் இரட்டிப்பாகும்.

இன்னொன்னு: இந்தத் திருத்தம் நேரடிக் கதிருக்கு மட்டும். மேகத்துக்குக் கீழே நேரடிக் கதிரே இல்லை, எல்லாம் பரவிய ஒளி. அங்கேயும் அதே வாய்பாட்டை ஓட்டியிருந்தால் இல்லாத பிழையை நீங்களே கொண்டுவந்து சேர்க்கிறீங்க.

#3 நெட்டலை

குமிழ்துடைப்பான் சொன்னதோட ஒரு ஒட்டு. எல்லாரும் "கருவியின் துல்லியம் 3%, நாலு பாயத்துக்கும் போட்டால் பிழை சிக்னலை முழுங்கிடும்"னு பயப்படுவாங்க. போட்டுப் பாருங்க: மேலே 550 கீழ்நோக்கி, 430 மேல்நோக்கி, கீழே 500, 400. நிகரம் 120, 100, வித்தியாசம் 20. நாலுக்கும் 3% தனித்தனிப் பிழைன்னா மொத்தம் ±28. சிக்னல் 20, பிழை 28!

ஆனால் ஒரே விமானம், ஒரே கருவி என்றால் அந்தப் பிழை தனித்தனியா ஆடாது. கூரைக் கருவியின் அளவுத்திருத்தம் 3% கூடுதல் என்றால் மேல் ஓட்டத்திலும் கீழ் ஓட்டத்திலும் அதே 3%தான், கழிக்கும்போது 50இல் 3%, அதாவது 1.5 வா/மீ² மட்டும் மிஞ்சும். வயிற்றுக் கருவியிலும் அப்படியே, 30இல் 3%. கழியாமல் நிற்பது சாய்வுப் பிழை. ஏன்னா அது மேல் ஓட்டத்தில் மட்டும் விழுது. அடுத்தது நேரம்: மேல் ஓட்டத்துக்கும் கீழ் ஓட்டத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் ஓடிட்டால் மேகமும் நகர்ந்திருக்கும், சூரியனும் நகர்ந்திருக்கும்.

இரண்டு விமானத்தை ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் விட்டால் நேரச் சிக்கல் தீரும், ஆனால் அளவுத்திருத்தப் பிழை கழியாமல் நின்னுடும். அதைச் சமாளிக்க இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கொஞ்ச தூரம் சேர்ந்து பறந்து கருவிகளை ஒப்பிட்டே ஆகணும். இதைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டால் பின்னால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

#4 தரவுத்தேனி

குறிதான்! மூக்குத் தூக்கலின் குறியை மாற்றி, கீழ் ஓட்டங்களில் திருத்தத்தை நீக்கினேன். இப்ப 26, 14 வருது. நடுவில் அதே 20. மிச்சம் இருக்கும் ±6 எதுனால?

#5 குமிழ்துடைப்பான்

6 வா/மீ²ன்னா 0.4°. அது கருவி பொருத்தின தட்டுக்கும் வழிகாட்டும் கருவிக்கும் நடுவில் உள்ள நிலையான கோணம். தரையில் நீர்மட்டம் வைத்துப் பார்க்கிறது போதாது, விமானத்தில்தான் கண்டுபிடிக்கணும்.

அதுக்குச் சதுரப் பறப்பு. மேகமே இல்லாத நாள், மேலே மெல்லிய கீற்றுமேகம் கூட ஆகாது. ஒரே உயரத்தில் சூரியனை நோக்கி, இடப்பக்கம், முதுகுப்பக்கம், வலப்பக்கம் என நாலு திசையிலும் சில நிமிஷம் நேராகப் பறக்கணும். நாலு திசையிலும் ஒரே பாயம் வரும்படி பக்கச்சாய்வு, மூக்குத்தூக்கல் இரண்டின் நிலையான பிழையையும் சரிசெய்யணும். சூரியன் தாழ்வாக இருந்தால் கோணம் நல்லாத் தெரியும், ஆனால் ரொம்பத் தாழ்ந்தால் கருவியின் கோசைன் பிழை (சரிவாக வரும் ஒளியைச் சரியாக அளக்காதது) வந்து கலந்துடும். 60இல் இருந்து 70°தான் தோது. கருவியைக் கழற்றி மாட்டினால் பழைய எண் செல்லாது, திரும்பவும் சதுரம் போடணும்.

திருப்பத்தில் எடுத்த தரவை அப்படியே தூக்கிப் போடுங்க. பக்கச்சாய்வு 5° தாண்டினால் திருத்தம் என்பது ஊகம்.

ஜெர்மனியின் போலார் 5 ஆய்வு விமானத்தில் லைப்சிக் பல்கலைக்கழகக் குழுவின் நிறமாலை அளவி ஒன்று சாய்வைத் தானே சமன்செய்யும் மேடையில் உட்கார்ந்திருக்கும். ஓரளவு சாய்வு வரை 0.2°க்குள் சமமாக வைத்திருக்கும். அதே கூரையில் நிலையாகத் திருகப்பட்ட பைரானோமீட்டரும் இருப்பதால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கலாம்.

#6 பனிமூட்டம்

தலைப்பில் இருந்து விலகுதுன்னா மன்னிக்கணும். போலார் 5 என்பது பழைய டி.சி.3ன்னு கேள்விப்பட்டேன். இந்தக் காலத்தில் ஏன் அந்த விமானம்?

#7 குமிழ்துடைப்பான்

உடல்கூடு இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. அதை அமெரிக்காவில் நீட்டி, டர்போபிராப் எஞ்சின் போட்டு பாஸ்லர் பி.டி.67 ஆக்கினாங்க. ஜெர்மனியின் துருவ ஆய்வு அமைப்பான ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்திடம் போலார் 5 2007இலிருந்தும் போலார் 6 2011இலிருந்தும் இருக்கு. பனிச்சறுக்குக் கட்டை மாட்டலாம், நொடிக்கு 60, 70 மீட்டர் வேகத்தில் நிதானமாகப் பறக்கும், பனிக்கு மேல் 60 மீட்டர் உயரத்தில் ஓட்டம் போடலாம். உடலில் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை என்பதால் கூரையில், வயிற்றில் ஓட்டை போட்டுக் கருவி வைப்பது ஜெட்டை விட எளிது. அதே காரணத்தால் பெரும்பாலும் 3 கிலோமீட்டருக்குக் கீழேதான் வேலை. தாழ்மேகத்துக்கு அது போதும். உயரம் வேணும்னா ஹாலோ மாதிரி ஜெட். 2022 மார்ச், ஏப்ரலில் ஹாலோ ஸ்வீடனின் கிருனாவிலிருந்தும் போலார் 5, 6 ஸ்வால்பார்டின் லாங்இயர்பியனிலிருந்தும் சேர்ந்து பறந்தன.

#8 நெட்டலை

தேனி, நெட்டலை −63 "சரி"ன்னு சுலபமா தாண்டிட்டீங்க. அங்கேயும் குழி இருக்கு.

பைர்ஜியோமீட்டர் பாயத்தை நேரடியாகக் காட்டாது. வெப்பமின்னடுக்கு தரும் மின்னழுத்தம் வானத்துக்கும் கருவி உடலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அதோட உடல் தானே வீசும் கதிர்வீச்சைக் கூட்டணும். உடல் −15°செ.ன்னா அது 252 வா/மீ². உடல் வெப்பமானியில் அரை டிகிரி தப்பு என்றால் பாயத்தில் 2 வா/மீ² தப்பு. மேகத்துக்குக் கீழே நின்றால் மேக அடியும் கருவியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, மின்னழுத்தம் பூச்சியத்துக்குப் பக்கம். அப்ப முழு விடையும் அந்தச் சின்ன வெப்பமானியின் கையில்.

அடுத்தது தாமதம். சி.ஜி.ஆர்.4 வகைப் பைர்ஜியோமீட்டர் ஒரு மாற்றத்தின் 63%ஐ எட்ட 6 நொடி எடுக்கும். நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் அதுக்குள்ள 390 மீட்டர் போயிருக்கும். சி.எம்.பி.22 பைரானோமீட்டருக்கு 1.7 நொடி, 110 மீட்டர். கடற்பனியில் 100 மீட்டர் அகலத்துக்கு வெடிப்பு, அதில் கறுப்புத் தண்ணீர் என்றால் பைர்ஜியோமீட்டருக்கு அது ஒரு மழுங்கிய மேடு, அதுவும் தள்ளி வரும். திருத்தம் இருக்கு: அளந்த மதிப்பு + (காலமாறிலி × அளந்த மதிப்பு மாறும் வேகம்). காலமாறிலி என்பது மேலே சொன்ன 6 நொடி, 1.7 நொடிதான். ஆனால் மாறும் வேகத்தை எடுக்கிறப்ப இரைச்சல் பெருகும். அதனால முதலில் மென்மையாக்கணும், பிறகுதான் திருத்தணும். வரிசை மாறினால் படம் முள்வேலி மாதிரி வரும்.

ஏறி இறங்கும்போது எடுத்ததை நம்பாதீங்க. மேகத்தலைக்கு மேல் வெப்பநிலைத் தலைகீழ், கொஞ்சம் வெதுவெதுப்பு. கீழே இறங்கினதும் பல டிகிரி குறைவு. கனமான உலோக உடல் ஆற நேரம் எடுக்கும். கீழே வந்து சில நிமிஷம் நேராகப் பறந்த பிறகுதான் ஓட்டத்தைத் தொடங்கணும்.

உங்க −63 சரியாக இருந்தால்: 63ஐ காற்றின் அடர்த்தி 1.3, வெப்ப ஏற்புத்திறன் 1005, தடிமன் 300 மூன்றாலும் வகுத்து, ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால் நாளுக்கு 14 டிகிரி குளிர்வு. குற்றலை 20 நாளுக்கு 4.4 டிகிரி சூடு. ஆனால் 14ஐ மேகம் முழுக்கப் பரப்பிச் சொல்வது ஒரு சராசரிதான். உண்மையில் குளிர்வு மேகத்தலையில் சில பத்து மீட்டருக்குள் நடக்குது. அந்த மெல்லிய பாளத்தில் வீதம் பல மடங்கு. மேகத்தை உள்ளே கலக்கிவிடுவதும் அந்தக் குளிர்வுதான், அதனால தலையும் அடியும் கழித்த சராசரியோட நிறுத்திட்டா மேகத்தின் இயக்கமே தெரியாது. விமானத்தால் அந்தப் பாளத்தைப் பிரிச்சுப் பார்க்க முடியாது. 2017இல் போலார்ஸ்டெர்ன் கப்பல் நின்ற பனித்தட்டில் இருந்து கயிற்றில் கட்டின பலூனை ஏற்றினது இதுக்குத்தான். பலூன் மெதுவாக ஏறும், தாமதம் ஒரு பிரச்சினை இல்லை. காற்று பலமா அடிச்சா மட்டும் கீழே இறக்கிக் கட்டிப்போடணும்.

#9 மேகமாலை

பனி ஒட்டுவதை யாரும் சொல்லலையே? துருவத்தில் பாதித் தரவு கெடுவது அதாலதான்.

அந்த மேகங்கள் −5இல் இருந்து −20 வரைக்கும் கூட நீர்த்துளியாகவே நிற்கும், உறையக் கரு கிடைக்காததால். விமானம் மோதினதும் பட்டென்று உறையும். இறக்கையில் ரப்பர் உறை ஊதிப் பனியை உடைக்கும். கருவியை மூடியிருக்கும் குமிழுக்கு அது கிடையாது.

தரவில் எப்படித் தெரியும்: மேகத்தை விட்டு மேலே வந்தாச்சு, வானம் வெறிச்சோடி இருக்கு, கீழ்நோக்கிய நெட்டலை 175 காட்டணும். ஆனால் 250 பக்கத்திலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். வானத்தை அல்ல, தன் தலையில் இருக்கும் பனியைத்தான் கருவி பார்க்குது. உலர்ந்த காற்றில் பறக்கப் பறக்க பனி ஆவியாகி மெல்ல மெல்ல 175க்கு இறங்கும். அந்த இறங்கும் வளைவைப் பார்த்து "மேலே ஈரப்படலம் இருந்து விலகுது"ன்னு விளக்கம் எழுதிடாதீங்க.

#10 குமிழ்துடைப்பான்

சரியாச் சொன்னீங்க. தரையிலும் ஒரு வினை இருக்கு: புறப்படும் முன் இறக்கைக்குப் பனிநீக்கி தெளிப்பாங்க. அது கிளைக்கால், அகச்சிவப்பை உறிஞ்சும். குமிழில் மெல்லிசாப் படிஞ்சாலே நெட்டலை கெட்டது. தெளிக்கும் முன் மூடி போடணும், முடிந்ததும் எடுக்கணும், எடுத்ததை இன்னொருத்தர் சரிபார்க்கணும். மூடியோட பறந்தால் அந்தப் பறப்பே வீண். வயிற்றுக் குமிழ் ஓடுதளச் சேற்றுக்கு இரையாகும், ஆகவே இறங்கின உடனே ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் லென்ஸ் தாளும் கொண்டு துடைக்கணும். உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் அன்றைக்கே மாற்றணும், இல்லேன்னா குமிழின் உட்பக்கம் பூத்த பனியை வெளியே இருந்து எத்தனை தடவை துடைச்சாலும் போகாது.

#11 தரவுத்தேனி

அப்ப மேகத்துக்குள்ளே துகள் எண்ணும் கருவிகள் மட்டும் நம்பகமா? நீர் எவ்வளவு, பனி எவ்வளவுன்னு அதை வெச்சுத்தானே பிரிக்கிறோம்.

#12 மேகமாலை

நீர்த்துளிக்கு நம்பலாம், பனிப்படிகத்துக்குக் கணக்குப் போட்டு நம்பணும்.

துளி அளவியின் பார்வைப் பரப்பு சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர். நொடிக்கு 65 மீட்டர் போனால் 20 கன சென்டிமீட்டர் காற்று. கன சென்டிமீட்டருக்கு 50 துளி என்றால் நொடிக்கு 1000 துளி, புள்ளிவிவரத்துக்குக் குறைவே இல்லை. பனிப்படிகம் அப்படி இல்லை. 2டி-எஸ் மாதிரி நிழற்பட அளவி நொடிக்கு 5 லிட்டர் காற்றைப் பார்க்கும். லிட்டருக்கு 0.1 படிகம் இருந்தால் இரண்டு நொடிக்கு ஒன்று. 10 நொடி, அதாவது 650 மீட்டர் சராசரி எடுத்தாலும் கையில் 5 படிகம்தான், எண்ணிக்கைப் பிழை 45%. அதை ஒரு நொடி இடைவெளியில் வரைஞ்சு ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுறது வெட்டி வேலை.

இரண்டாவது, உடைசல். பெரிய படிகம் கருவியின் முனையில் மோதிச் சிதறி, துண்டெல்லாம் பார்வைப் பரப்புக்குள்ள விழும். ஒண்ணு பத்தாகும். கூர்முனை மாட்டணும், அதோட அடுத்தடுத்த துகளுக்கு நடுவில் உள்ள நேரத்தைப் பார்த்து, கூட்டமா வருவதைக் கழிக்கணும். இரண்டும் வேணும், ஒண்ணு போதாது.

மூணாவது நெவ்சோரோவ் சூடுகம்பி (சூடான கம்பியில் பட்ட நீரை ஆவியாக்க ஆகும் சக்தியை வைத்து நீரளவைச் சொல்லும் கருவி). நீருக்கான கம்பியில் பனியும் கொஞ்சம் உருகி சிக்னல் கொடுக்கும். பனி அதிகம், நீர் சொற்பம் என்ற இடத்தில் "நீர் இருக்கு"ன்னு பொய் சொல்லும்.

#13 ரேடார்ராசா

அதனாலதான் 2017 மே, ஜூனில் லாங்இயர்பியனில் இருந்து நடந்த பறப்புகளில் போலார் 5 மேலே ரேடாரும் லைடாரும் (லேசர் ஒளியால் பார்க்கும் கருவி) தூக்கிக்கிட்டு, போலார் 6 கீழே மேகத்துக்குள் புகுந்து பறந்தது.

ரேடார் சிக்னல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் போகும். 10 மைக்ரான் துளி ஒண்ணை விட 200 மைக்ரான் துளி ஒண்ணு 6.4 கோடி மடங்கு பளிச்சுன்னு தெரியும். அதனால ரேடாருக்கு மேகம் என்றால் விழும் பனி. லைடாருக்கு மேகம் என்றால் தலையில் உள்ள நீர்ப்படலம், அதைத் தாண்டி ஆழமாப் போகாது. இரண்டும் ஒரே மேகத்தைப் பார்த்து இரண்டு கதை சொல்லும், இரண்டும் சரி.

தேனி, ஒரு எச்சரிக்கை. போலார் 5இன் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார் நேர் கீழே பார்க்காது, 25° பின்னோக்கிச் சாய்ஞ்சிருக்கும், தரையில் பட்டு நேராத் திரும்பும் எதிரொலியைக் குறைக்க. 3 கிலோமீட்டர் உயரத்தில் கற்றை தரையைத் தொடும் இடம் 1.4 கிலோமீட்டர் பின்னால். நொடிக்கு 65 மீட்டர் என்றால், லைடார் 21 நொடிக்கு முன்னாடியே பார்த்த இடத்தை ரேடார் இப்பத்தான் பார்க்குது. 500 மீட்டர் உயரத்து மேகத்துக்கு 18 நொடி. உயரத்துக்கு உயரம் நகர்த்தல் மாறும். நகர்த்தாமல் ஒண்ணு மேல ஒண்ணு வைத்தால் மேகத்தின் தலை ஒரு இடத்தில், உடம்பு இன்னொரு இடத்தில். கடைசி 150 மீட்டரில் தரை எதிரொலி கலந்திருக்கும், அதை வெட்டிடுங்க.

#14 பனிமூட்டம்

இவ்வளவு பாட்டுக்குச் செயற்கைக்கோளே போதாதா? 2024 மே 28இல் எர்த்கேர் செயற்கைக்கோளும் மேலே போயாச்சு, ரேடாரும் லைடாரும் ஒண்ணாவே இருக்கு.

#15 ரேடார்ராசா

போதாது. 2023 வரை ஓடின கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடாருக்குத் தரை எதிரொலியால் கடைசி ஒரு கிலோமீட்டர் ஏறக்குறைய குருடா இருந்தது. ஆர்க்டிக்கில் மேகம் குடியிருப்பதே அந்த ஒரு கிலோமீட்டரில். எர்த்கேர் இதில் தேவலை, ஆனாலும் தரையோட ஒட்டின மேகத்துக்கு அடியில் போய்ப் பார்த்து ஒப்பிட விமானம்தான் வேணும். சாதாரண ஒளிப்படக் கோள்களுக்கோ வெள்ளைப் பனிக்கு மேல் வெள்ளை மேகம். நாசா 2014 செப்டம்பரில் அலாஸ்காவிலிருந்து சி-130 விமானத்தை அனுப்பினதும், 2024 கோடையில் கிரீன்லாந்தின் பிட்டுஃபிக்கில் பி-3ஐ நிறுத்தினதும் அதனாலதான்.

#16 நெட்டலை

ராசா சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு. ஒப்பிட மட்டும் விமானம் என்று சுருக்கிடக் கூடாது. மேகம் தரையைச் சூடாக்குதா குளிர்விக்குதா என்ற கேள்விக்கு மேகம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன பாயம் வந்திருக்கும்னு கணினி மாதிரியில் கணக்கிடணும். அங்கே ஒரு பொறி. மேகத்துக்கு அடியில் அளந்த பனியின் எதிரொளிதிறனை (விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு) அப்படியே மேகமில்லா வானத்துக்கும் போடுறாங்க. தப்பு. மேக நீர் அண்மை அகச்சிவப்பை வடிகட்டிடும், கீழே வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதைப் பனி அதிகம் திருப்பும். அதாவது மேகம் வந்ததும் அதே பனியின் எதிரொளிதிறன் ஏறும். மேகமில்லாதபோது பனி கூடுதலாக உறிஞ்சியிருக்கும் என்பதை விட்டுட்டால் குற்றலையில் மேகம் தரும் குளிர்ச்சியைக் குறைத்துச் சொல்றீங்க. ஒரே பனிப்பரப்பின் மேல் மேகத்தோடும் மேகமில்லாமலும் தாழப் பறந்து அளந்தால்தான் இது பிடிபடும்.

பனி விளிம்பில் இன்னும் குழப்பம். பனிக்கும் மேக அடிக்கும் நடுவில் ஒளி பந்து மாதிரி எகிறும். தண்ணீருக்கு மேல் பறந்தாலும் பக்கத்துப் பனி அனுப்பின ஒளி மேகத்தில் பட்டுக் கூரைக் கருவிக்கு வரும். விளிம்புக்கு ஒட்டின தரவைத் தனியாக ஒதுக்குங்க.

#17 தரவுத்தேனி

சதுரப் பறப்பு ஒண்ணு அதே தரவுத் தொகுப்பில் இருக்கு, இப்பத்தான் கவனிச்சேன். அதை வைத்து மூக்குத்தூக்கலுக்கு 0.4°, பக்கச்சாய்வுக்கு 0.1° வந்தது. போட்டதும் இரண்டு ஓட்டமும் 21, 19. கீழ் ஓட்டம் ஒன்றின் கடைசி 4 கிலோமீட்டர் திறந்த தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கு, அதை நீக்கினால் போதுமா, இல்லை முழு ஓட்டத்தையும் விடணுமா?

#18 நெட்டலை

மேக அடி என்ன உயரம்?

#19 தரவுத்தேனி

300 மீட்டர்.

#20 நெட்டலை

மேக அடி அவ்வளவு தாழ்வுன்னா எகிறும் ஒளி பக்கவாட்டில் ரொம்ப தூரம் போகாது. அப்ப கடைசி 4 கிலோமீட்டரை மட்டும் வெட்டுங்க, தாராளமாப் போதும். மேல் ஓட்டத்திலும் அதே நீளத்தை அதே இடத்தில் வெட்ட மறக்காதீங்க.